சீனி இருக்கிற தாய் பால் கொடுக்கலாமா?

(உலகத் தாய்ப்பால் வாரத்தை முன்னிட்டு மணிமுத்தாறில் நடந்த நமது கூட்டமைப்புக் கூட்டத்தில் நலவாழ்வுக் குழு உறுப்பினர்கள் பேசிய பேச்சு. கூட்டத்துக்கு வர முடியாத சகோதரிகளுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். வருஷா வருஷம் நாமும் கூட்டம் போடுகிறோம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீங்க, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் கொடுங்க என்று சொல்கிறோம். கேட்டுக் கேட்டு உங்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். இந்தத் தடவை நாங்கள் பேச வந்தது வேறு ஒரு கேள்வி. நம்மில் பலருக்கு மனசுக்குள் இருக்கிறது, ஆனால் வாய் திறந்து கேட்பதில்லை. சீனி வியாதி இருக்கிற தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கொடுக்கலாம், கொடுக்கணும். கர்ப்ப காலத்தில் மட்டும் சீனி வந்தவர்களும் கொடுக்கலாம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சீனி உள்ளவர்களும் கொடுக்கலாம். தினமும் இன்சுலின் ஊசி போடுகிறவர்களும் கொடுக்கலாம். ஆனால் அந்தத் தாய்க்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். அவளைச் சுற்றி இருக்கிற நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாததால் நம்மிடையே என்ன நடந்தது என்பதை முதலில் சொல்கிறோம்.

மாட்டுத் தீவனம் என்று எழுதிய கடன்

இது சில வருஷங்களுக்கு முன்னால் நம் குழு ஒன்றில் நடந்தது. "என் பேரைப் போடாம சொல்லுங்க, நாலு பேருக்கு உபயோகப்படட்டும்" என்று அந்த அக்காவே சொன்ன பிறகுதான் இங்கே சொல்கிறோம்.

அவர் பீடி சுற்றுகிறவர். முதல் பிள்ளை வயிற்றில் இருந்த ஏழாம் மாதத்தில் சீனி இருப்பது தெரிந்தது. ஊசி போடச் சொன்னார்கள், போட்டுக்கொண்டார். பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது. பார்க்க வந்த சொந்தத்தில் ஒருவர், "சீனி உள்ள உடம்பு, பாலும் சீனிப் பாலாத்தான் இருக்கும். பச்சைப் பிள்ளைக்கும் வந்துடும்" என்று சொல்லிவிட்டார். மாமியார் பயந்தார். பெற்ற தாயும் பயந்தார். பார்க்கப் போன குழுக்காரர்கள் நாங்கள் ஐந்து பேர் அங்கே இருந்தோம். நாங்களாவது தைரியம் சொன்னோமா? "எதுக்கும்மா வம்பு, டின் பால் குடுத்துக்கிடலாம்" என்றுதான் நாங்களும் சொன்னோம்.

மூன்றாம் நாள் மார்பு கல் மாதிரிக் கட்டிக்கொண்டது. வலியில் அழுதார். பாலைப் பீய்ச்சிக் கொட்டினார்கள். கொஞ்ச நாளில் பால் வற்றிவிட்டது.

அதன்பிறகு டின் பால்தான். டின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கலக்கினார்கள். பிள்ளைக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு வந்தது, எடையும் ஏறவில்லை. அந்த அக்கா குழுவில் உள்கடன் கேட்டார். கடன் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் "மாட்டுத் தீவனம்" என்று எழுதியிருக்கிறது. அப்போது அவர் வீட்டில் மாடே கிடையாது. அது எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டோம். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. பிள்ளை பிறந்ததும் ஊசியை நிறுத்தினார்கள். சீனி போயிட்டுது என்று எல்லோரும் நினைத்தோம். மறுபடி ஒரு தடவைகூட அவர் ரத்தம் கொடுத்துப் பார்க்கவில்லை. மூன்று வருஷம் கழித்துக் காலில் புண் ஆறவில்லை என்று போனபோதுதான், சீனி நிரந்தரமாக வந்துவிட்டது தெரிந்தது.

பிறகு அவருக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. அதை எப்படி வளர்த்தார் என்று கடைசியில் சொல்கிறோம்.

பால் வழியாகச் சீனி வருமா?

வராது. சீனி வியாதி தொத்து வியாதி இல்லை. எச்சில் வழியாகவோ பால் வழியாகவோ அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகாது.

மார்பு ரத்தத்தை அப்படியே வடிகட்டி ஊற்றுவதில்லை. ரத்தத்திலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு பாலைத் தானே தயாரிக்கிறது. தாய்ப்பால் இனிப்பதற்குக் காரணம் லாக்டோஸ் என்கிற பால்சீனி. எல்லாத் தாயின் பாலிலும் அது உண்டு. தாய்க்கு ரத்தத்தில் சீனி மிக அதிகமாக இருந்தால் பாலில் குளுக்கோஸ் கொஞ்சம் கூடலாம். அதற்காகப் பாலை நிறுத்தத் தேவையில்லை. தாயின் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் அதற்கு வழி.

"அப்ப சீனி உள்ளவங்க பிள்ளைகளுக்குப் பின்னால சீனி வருதே, அது எப்படி?" என்று கேட்பீர்கள். அது பரம்பரையாலும், வயிற்றில் இருக்கும்போது கிடைத்த அதிகச் சீனியாலும், வளர்ந்த பிறகு சாப்பிடும் சாப்பாட்டாலும் வருகிறது. தாய்ப்பாலால் வருவதில்லை. சொல்லப்போனால், தாய்ப்பால் குடித்து வளர்கிற பிள்ளைக்கு அளவுக்கு மீறிய உடல் பருமன் வருகிற வாய்ப்புக் குறைவு.

ஊசியும் மாத்திரையும்

இன்சுலினை ஏன் ஊசியாகப் போடுகிறார்கள், மாத்திரையாகத் தரக்கூடாதா என்று நீங்கள் யோசித்தது உண்டா? வாய் வழியாகப் போனால் வயிறு அதைச் செரித்துவிடும், பலன் இருக்காது. அதனால்தான் ஊசி. இதே காரணத்தால் தாய் போட்டுக்கொள்கிற இன்சுலின் பாலில் சிறிது வந்தாலும் பிள்ளையின் வயிற்றில் செரித்துவிடும், ஒரு கெடுதலும் செய்யாது. சீனி வியாதி இல்லாத தாயின் பாலிலும் இன்சுலின் இருக்கத்தான் செய்கிறது.

இந்த ஊசி வந்தது 1920-களில். கனடா நாட்டின் டொரண்டோ நகரத்தில் 1921-ல் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். அதற்கு முன்னால் சின்ன வயதிலேயே சீனி வந்த ஒரு பெண், பிள்ளை பெற்று உயிரோடு இருப்பதே அபூர்வம். இன்றைக்குப் பிள்ளையும் பெற்று, பாலும் கொடுக்க முடிகிறது. ஊசியைக் கண்டு பயப்படாதீர்கள்.

மாத்திரைகளில் மெட்ஃபார்மின் என்பது பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் டாக்டர்கள் தருவதுதான். பாலில் மிகக் கொஞ்சமே போகும். ஆனால் சீனிக்கு இப்போது விதவிதமான மாத்திரைகள் வந்துவிட்டன. எல்லாமே பால் கொடுக்கிறவர்களுக்கு ஏற்றது என்று சொல்ல முடியாது. பிரஷருக்கும் கொழுப்புக்கும் போடுகிற மாத்திரைகளும் அப்படித்தான். அதனால் மாமியாருக்கு எழுதிய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போடக் கூடாது. "நான் பால் கொடுக்கிற தாய்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் மாத்திரை எழுதணும்.

பிறந்த முதல் ஒரு மணி நேரம்

சீனி உள்ள தாயின் பிள்ளைக்கு முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். காரணத்தைக் கேளுங்கள். வயிற்றில் இருக்கும்போது தாயின் சீனி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. அதைச் சமாளிக்கப் பிள்ளையின் உடம்பு இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சீனி நின்றுபோகும். ஆனால் பிள்ளையின் இன்சுலின் உடனே குறையாது. அதனால் பிள்ளையின் ரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கிவிடலாம்.

சில பிள்ளைகள் நாலு கிலோ இருக்கும். "கொழுகொழுன்னு இருக்கு, என்ன குறை?" என்று நாம் சந்தோஷப்படுவோம். அப்படிப் பெரிதாகப் பிறக்கிற பிள்ளையைத்தான் அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

இதற்கு முதல் மருந்து சீம்பால். பிறந்த அரை மணி நேரத்துக்குள், தாமதமானாலும் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடணும். பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு, துணி இடையில் இல்லாமல், தோலோடு தோலாக வைத்தால் உடம்பும் சில்லிடாது, பாலும் தேடிக் குடிக்கும். ஆபரேஷன் ஆனாலும் இதைச் செய்யலாம், நர்ஸிடம் கேளுங்கள். பிறகு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்கணும். தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்கணும். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சீனி பார்ப்பார்கள். "பச்சைப் பிள்ளையைக் குத்துறாங்களே" என்று தடுக்காதீர்கள்.

கை கால் நடுங்கினாலோ, துவண்டு கிடந்தாலோ, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, உதடு நீலமானாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். பால் கொடுத்தும் சீனி ஏறவில்லை என்றால் டாக்டர்கள் டிரிப் போடுவார்கள். சில நேரம் வேறு பாலும் கொடுக்கச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் கொடுத்துத்தான் ஆகணும். அதனால் தாய்ப்பால் முடிந்துபோனது என்று அர்த்தம் இல்லை. பிள்ளை தேறியதும் மறுபடி மார்பில் போடலாம்.

இங்கே ஆச்சிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறந்ததும் சேனை வைக்கிறோம் என்று சீனித் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவாதீர்கள். "பிள்ளைக்குச் சீனி இறங்கும்னு நீங்கதானே சொன்னீங்க, அப்ப சீனித்தண்ணி குடுத்தா என்ன?" என்று கேட்கலாம். சீம்பாலில் இருக்கிற கொழுப்பும் புரதமும் நோய் எதிர்ப்புச் சக்தியும் சீனித் தண்ணீரில் கிடையாது. அதில் வயிறு நிறைந்தால் பிள்ளை மார்பில் சப்பாது. தேனில் உள்ள கிருமி பச்சைப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் இப்போது ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 100 குழந்தைகளில் சுமார் 60 பேருக்குத்தான் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் இருந்து "பிள்ளையை மார்பில் போடுங்க" என்று சொல்ல ஓர் ஆள் வேணும். அந்த ஆள் நாமாக இருக்கலாம்.

பால் வரத் தாமதமானால்

சீனி உள்ள தாய்க்குப் பால் நிறைந்து வர மற்றவர்களைவிட ஒரு நாள், இரண்டு நாள் கூடுதலாக ஆகலாம். இது பலருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பால் கட்டவில்லை என்றதும், "இவளுக்குப் பால் இல்ல" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். டின் வந்துவிடுகிறது. பிள்ளை சப்பினால்தான் பால் ஊறும். டின் பால் குடித்த பிள்ளை சப்பாது. சப்பாததால் பால் ஊறாது. கடைசியில் அவர்கள் சொன்னதே உண்மையாகிப் போகும்.

அந்த ஒன்றிரண்டு நாளில் பிள்ளையை அடிக்கடி மார்பில் போடுங்கள். பிள்ளை தனி வார்டில் இருந்தால், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கையால் பீய்ச்சிச் சுத்தமான கிண்ணத்தில் எடுத்துக் கொடுங்கள். சீம்பால் ஒரு ஸ்பூன் வந்தாலும் போதும், முதல் நாள் பிள்ளையின் வயிறே அவ்வளவுதான். கொதிக்க வைத்த பாலாடையாலோ ஸ்பூனாலோ புகட்டலாம். நம் ஆச்சிமார்கள் வைத்திருந்த அதே பாலாடையைத்தான் இன்றைக்கும் பச்சைப் பிள்ளை வார்டுகளில் வைத்திருக்கிறார்கள். பாட்டிலும் நிப்பிளும் வேண்டாம்.

பால் போதுமா என்று எப்படித் தெரியும்? ஒரு வாரம் ஆன பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போனால் பால் போதுமான அளவு கிடைக்கிறது. அங்கன்வாடியில் எடை போட்டுப் பாருங்கள். அழுகிற சத்தத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

அணை மட்டமும் தாயின் சீனியும்

நம் மணிமுத்தாறு அணை நிரம்பினால் 118 அடி. எண்பதடிக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டால் வயல் நனையும், அணை மட்டம் இறங்கும். மேலே மழை பெய்தால்தான் மட்டம் நிற்கும். பால் கொடுக்கிற தாயின் உடம்பும் அப்படித்தான். பால் சுரக்கத் தாயின் ரத்தத்தில் உள்ள சீனி செலவாகிறது. இது நல்லதுதான், பலருக்கு மருந்தின் அளவே குறையும். ஆனால் இன்சுலின் போடுகிற தாய் சாப்பிடாமல் பால் கொடுத்தால் சீனி மிகவும் இறங்கிவிடும்.

பிள்ளை பிறந்து நஞ்சு விழுந்ததுமே இன்சுலின் தேவை சட்டென்று குறைந்துவிடும். கர்ப்பமாக இருந்தபோது போட்ட அளவையே வீட்டுக்கு வந்தும் போட்டால் ஆபத்து. புது அளவை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

திடீரென்று வேர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, படபடப்பு, கண் மங்குவது, அகோரப் பசி, இவையெல்லாம் சீனி இறங்குவதற்கு அடையாளம். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சீனி அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கணும். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கணும். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை குடிக்கணும். ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிடணும். பிள்ளையை மடியிலிருந்து எடுத்துப் பத்திரமாகப் படுக்க வைத்துவிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

ராத்திரிதான் அதிகக் கவனம் வேணும். படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், கொஞ்சம் பொரிகடலை அல்லது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் சீனி வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும் முன்போ, கொடுக்கும்போதோ ஏதாவது சாப்பிடுங்கள். அவளோடு படுக்கிற அம்மாவோ மதினியோ இந்த அடையாளங்களைத் தெரிந்து வைத்திருக்கணும்.

பத்தியமும் கருப்பட்டியும்

நம் பக்கத்தில் பிள்ளை பெற்ற உடம்பு என்றால் பத்தியம் வைப்பார்கள். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் நல்லதுதான். ஆனால் "தண்ணி அதிகம் குடிக்காதே, ராத்திரி சாப்பிடாதே" என்கிற பத்தியம் சீனி உள்ள தாய்க்கு ஆகாது. ஊசியைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று இப்போதுதான் பார்த்தோம். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 முதல் 600 கலோரி கூடுதலாக வேண்டும். அது நடுவில் இன்னும் ஒரு நேரச் சாப்பாடு சாப்பிடுகிற அளவு. இதைச் சோற்றைக் குவித்துச் சரிக்கட்டாமல் பயறு, சுண்டல், முட்டை, மீன், கீரை, மோர் என்று பிரித்துச் சாப்பிடணும்.

அடுத்தது கருப்பட்டி. "சீனிதான் ஆகாது, கருப்பட்டி ஒண்ணும் செய்யாது" என்று உளுந்தங்களியிலும் பிள்ளை பெற்ற மருந்திலும் தாராளமாகப் போடுகிறோம். கருப்பட்டியும் ரத்தத்தில் சீனியை ஏற்றத்தான் செய்யும். உளுந்தும் நல்லெண்ணெயும் இருக்கட்டும், கருப்பட்டியை விட்டுவிடுங்கள். கொஞ்சம் உப்புப் போட்டுக் களி கிண்டினாலும் ருசியாகத்தான் இருக்கும்.

பீடி சுற்றுகிற தாய்மார்களுக்கு இன்னொரு சங்கதி. பிள்ளையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். புகையிலைத் தூள் பிள்ளையின் வாய்க்குப் போகக்கூடாது. கணக்கு முடியவில்லையே என்று பால் நேரத்தைத் தள்ளிப் போடாதீர்கள். சொளவைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்திருங்கள். அப்படி எழுந்து நாலு எட்டு நடப்பது உங்கள் சீனிக்கும் நல்லது.

சீனி உள்ளவர்களுக்குக் காம்பில் வெடிப்பு, மார்பில் சிவந்த வீக்கம், சீழ் இவை சீக்கிரம் வரலாம். வலிக்கிறது என்று பாலை நிறுத்தினால் கட்டிக்கொண்டு அதிகமாகும். காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளையின் வாயில் தயிர் மாதிரி வெள்ளை படர்ந்தாலும் காட்டுங்கள். தாய், பிள்ளை இருவருக்கும் சேர்த்து மருந்து போடணும்.

ஒன்றரை மாதத்தில் தாய்க்கும் ஒரு டெஸ்ட்

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது உங்களுக்குத் தெரியும். இந்த முறைக்காகப் பாடுபட்டவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி.சேஷய்யா. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-ல் சீனி வியாதிக்கென்று தனித் துறையைத் தொடங்கியவர் அவர். வெறும் வயிற்றோடு வா, நாளைக்கு மறுபடி வா என்றால் பஸ் ஏறி வருகிற கிராமத்துக் கர்ப்பிணியால் முடியுமா? சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் போதும், 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சீனி என்ற எளிய வழியை அவரும் கூட இருந்த டாக்டர்களும் கொண்டுவந்தார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று 2007-ல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சீனி விழிப்புணர்வு நாளாக நாடு முழுக்கக் கொண்டாடப்படுகிறது.

கர்ப்பத்தில் கண்டுபிடிக்க வழி வந்துவிட்டது. பிள்ளை பிறந்த பிறகுதான் நாம் கோட்டை விடுகிறோம். கர்ப்பகாலச் சீனி வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சீனி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி குளுக்கோஸ் தண்ணீர் டெஸ்ட் செய்யணும், ஆனால் இந்தத் தடவை வெறும் வயிற்றில் வரணும். சரியாக அதே சமயம்தான் பிள்ளைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி. பிள்ளைக்கு ஊசி போடப் போகும்போது தாயும் சாப்பிடாமல் போய், எனக்கும் சீனி பாருங்க என்று கேளுங்கள். நார்மல் என்று வந்தாலும் வருஷம் ஒரு தடவை பார்க்கணும்.

பால் கொடுப்பதில் தாய்க்கும் ஒரு லாபம் இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் கர்ப்பகாலச் சீனி வந்த சுமார் ஆயிரம் பெண்களைப் பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் கவனித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். டின் பால் மட்டும் கொடுத்தவர்களைவிட, தாய்ப்பாலை அதிகமாகவும் அதிக நாளும் கொடுத்தவர்களில் நிரந்தரச் சீனி வந்தது ஏறக்குறைய பாதிதான். பிள்ளைக்குக் கொடுக்கிற பால் தாயையும் காப்பாற்றுகிறது.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் இல்ல. இன்சுலினை எங்க வைக்கிறது?" என்று ஒரு சகோதரி கேட்டார். பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, நடுவில் சின்ன மண்கலயத்தைப் பதித்து, அதற்குள் மருந்தை நனையாத கவரில் சுற்றி வைத்து மூடுங்கள். அடுப்படிக்கும் வெயிலுக்கும் தூரமாக இருக்கட்டும். மணல் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். திறந்த பாட்டிலைச் சுமார் நாலு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

"சீனி கூடியிருக்கிற அன்னைக்குப் பால் குடுக்கலாமா?" கொடுக்கலாம். ஆனால் தொடர்ந்து கூடியே இருந்தால் பால் குறையும், உடம்பும் கெடும். மருந்தை நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

"மாசா மாசம் மாத்திரைக்கு யார் அலையுறது?" 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சீனி, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அப்படி வருகிற தன்னார்வலர்களில் நம்மைப் போன்ற குழுப் பெண்களே இருக்கிறார்கள். பிரசவமான வீட்டின் விவரத்தை அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

கூட்டத்தில் எடுத்த தீர்மானங்கள்

1. குழுவில் கர்ப்பமாக இருக்கும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் அக்கா துணையாக இருப்பார். பிரசவத்தன்று முதல் ஒரு மணி நேரப் பாலுக்கு அவர் பொறுப்பு.

2. ஒன்றரை மாதத் தடுப்பூசி நாளில் தாய்க்கும் சீனி பார்த்தாயிற்றா என்று குழுக் கூட்டத்தில் கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

3. சீனி பார்க்கும் மெஷின் வாங்க உள்கடன் கேட்டால் முன்னுரிமை கொடுக்க வேண்டும். மெஷினை இரண்டு பேர் பயன்படுத்த நேர்ந்தாலும் குத்துகிற ஊசியும் அதைச் செலுத்துகிற பேனாவும் ஆளுக்குத் தனித்தனியாக இருக்க வேண்டும்.

4. கைப்பிள்ளைக்காரி கடன் கேட்டால் காரணத்தை அன்பாக விசாரிக்க வேண்டும். உண்மைக் காரணத்தை எழுத வெட்கப்பட வேண்டியதில்லை. பால் கொடுக்க முடியாமல் போன தாயை யாரும் ஏசக் கூடாது.

அந்த அக்காவின் கதைக்கு வருவோம். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்த முழு நேரமும் ஊசி போட்டார். பிரசவத்தன்று எங்களில் ஒருவர் கூடவே இருந்தார். பிள்ளைக்குச் சீனி கொஞ்சம் இறங்கியது. அரை மணி நேரத்தில் சீம்பால் கொடுத்தார், மறுபடி இரண்டு மணி நேரத்தில் கொடுத்தார், சீனி ஏறிவிட்டது. நிறைவாகப் பால் வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் "பால் இல்ல, டின் வாங்கிட்டு வா" என்று வீட்டில் சொன்னார்கள். இந்தத் தடவை நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. மாமியாரிடம் உட்கார்ந்து பேசினோம். கடைசியில் ராத்திரி எழுந்து மருமகளுக்குப் பொரிகடலை எடுத்துக் கொடுத்ததே அந்த மாமியார்தான்.

அந்தப் பிள்ளை ஆறு மாதம் வரை வேறு எதுவும் குடிக்கவில்லை. அந்த வருஷமும் அந்த அக்கா குழுவில் ஒரு உள்கடன் வாங்கினார். பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். காரணம் என்ற இடத்தில் "சீனி பார்க்கும் மெஷின்" என்று எழுதி, அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

உங்கள் குழுவில் இப்போது கர்ப்பமாக இருப்பது யார், கைப்பிள்ளையோடு இருப்பது யார் என்று இந்த வாரமே பாருங்கள். அவர்களுக்குச் சீனி உண்டா என்று கேளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்த விவரத்தோடு வாருங்கள்.